டாப் கியரின் அமெரிக்கப் பதிப்பும் அதன் முதல் பார்வையாளர்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

பிபிசியின் கார் நிகழ்ச்சியான டாப் கியரை அமெரிக்காவில் மறுபடி எடுத்தபோது பார்வையாளர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள், தயாரித்தவர்கள் அதற்கு என்ன செய்தார்கள், கடைசியில் என்ன ஆனது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். காலம் 2008 முதல் 2016 வரை. அதற்குப் பின் நடந்த இரண்டு முயற்சிகளைப் போகிற போக்கில் தொட்டிருக்கிறேன். ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டேன். யார் என்பதைவிட என்ன வேலையிலிருந்து வந்தவர் என்பதுதான் இந்தக் கதைக்குத் தேவை. வெளிநாட்டு நிகழ்ச்சியின் உரிமையை வாங்கி உள்ளூரில் எடுக்கும் தொழிலில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பின்னணி: பிரிட்டனில் இருந்தது என்ன

டாப் கியர் 1977இல் பர்மிங்காமிலிருந்து வட்டார நிகழ்ச்சியாகத் தொடங்கியது. எந்தக் கார் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்று நிதானமாகச் சொல்லும் நிகழ்ச்சி. 2001இல் அதை நிறுத்தினார்கள். 2002 அக்டோபரில் அதே பெயரில் திரும்பி வந்தது வேறு நிகழ்ச்சி. சர்ரே மாவட்டத்தில் டன்ஸ்ஃபோல்ட் என்ற பழைய விமானத்தளம், அதன் ஓடுபாதையை வைத்து ஒரு பந்தயத்தடம், பக்கத்து விமானக் கொட்டகையில் நின்றபடியே பார்க்கும் கூட்டம், நடுவில் மூன்று ஆண்கள். வேகமான கார்களைத் தடத்தில் ஓட்டி நேரம் எடுக்க, முகத்தை ஹெல்மெட்டில் மறைத்த ஒரு ஓட்டுநர். வாராவாரம் ஒரு பிரபலம் வந்து, சுசூகி லியானா மாதிரி ஒரு சாதாரணக் காரில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் போவார்.

உலகம் நினைவில் வைத்திருக்கும் மூவர் கூட்டணி முதல் நாளே அமைந்ததல்ல. 2002இன் முதல் சீசனில் மூன்றாவது நாற்காலியில் பழைய கார் வாங்குவது விற்பது பற்றித் தெரிந்த வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அவரை மாற்றியது 2003இல். பெரிய தொகை இல்லாமல் பழைய கார் வாங்கி அதை வதைக்கும் சவால்கள் சூடு பிடித்தது 2004 வாக்கில். காந்த வடதுருவத்தை நோக்கி டிரக்கில் போன சிறப்பு எபிசோடு 2007இல். ஆக, நேயர்கள் காதலித்த நிகழ்ச்சி உருவாக நான்கைந்து வருடம் ஆகியிருக்கிறது. அமெரிக்கப் பதிப்பைத் திட்டியவர்களில் பெரும்பாலோர் இந்த வருடங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. நியாயம்தான், பார்க்கிறவருக்கு அது ஏன் தெரிய வேண்டும்? வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கர்களுக்கு மூல நிகழ்ச்சி புதிதும் இல்லை. பிபிசி அமெரிக்கா சேனலில் அது ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று வெட்டித்தான் போட்டார்கள், அதற்கே ரசிகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். முழு எபிசோடைத் தேடி இணையத்தில் இறக்கிப் பார்த்தவர்களும் உண்டு. 2007இல் பிரிட்டன் தொகுப்பாளர்கள் மயாமியிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை பழைய கார்களில் போனதும், வழியில் அலபாமாவில் ஒரு பெட்ரோல் பங்கில் உள்ளூர்க்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடியதும் அவர்களுக்கு மனப்பாடம். இன்னொரு வேடிக்கை, இந்தப் பிரிட்டன் நிகழ்ச்சியின் தீம் இசையே 1970களின் ஒரு அமெரிக்க ராக் குழுவுடையது.

2008: நின்றுபோன முதல் முயற்சி

முதலில் வாங்கியது என்பிசி என்ற அமெரிக்கச் சேனல். 2008இல் ஒரு பைலட் எபிசோடு, அதாவது தொடரை எடுக்கலாமா என்று பார்க்க ஒரு மாதிரி எபிசோடு, எடுத்தார்கள். தொகுப்பாளர்களாக வானொலியில் பேர் வாங்கிய ஒரு நகைச்சுவையாளர், டிரிஃப்ட் பந்தயங்களில் (வளைவுகளில் காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டும் போட்டி) சாம்பியனான ஒரு ஓட்டுநர், வீடு புதுப்பிக்கும் நிகழ்ச்சிகளில் வரும் ஒரு தச்சர். சேனல் அதை ஒளிபரப்புக்கு எடுக்கவில்லை. காரை மையமாக வைத்த இன்னொரு தொடர் அதே சேனலில் சரியாகப் போகாததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

இங்கிருந்து அடுத்த கட்டத்துக்குப் போனவர் பந்தய ஓட்டுநர் மட்டும்தான். மற்ற இருவர் மாறினார்கள்.

2010 நவம்பர் 21: ஒளிபரப்பு

இரண்டாவதாக எடுத்த சேனல் ஹிஸ்டரி. பெயர்தான் வரலாறு. அப்போது அதில் நன்றாக ஓடியவை அடகுக்கடை பேரமும் பனிச்சாலையில் லாரி ஓட்டுவதும். கார் நிகழ்ச்சிக்கு அது பொருந்தாத இடமும் இல்லை. புதிய மூவரில் ஒருவர் நியூயார்க் பக்கத்து மேடை நகைச்சுவைக் கலைஞர். இன்னொருவர் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரின் ஒளிபரப்புகளில் வரும் தெற்கத்தி ஆள், அந்தப் பக்கத்து இழுவையோடு பேசுபவர். மூன்றாமவர் அதே டிரிஃப்ட் சாம்பியன். தடம் கலிஃபோர்னியாவில் எல் டோரோ என்ற, 1999இல் மூடப்பட்ட கடற்படைப் பிரிவின் விமானத்தளம். முகம் மறைத்த வெள்ளை உடை ஓட்டுநரும் உண்டு. அந்த உடைக்குள் பிரிட்டனில் இருந்தவர் யார் என்ற ரகசியம் அதே 2010 செப்டம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் வரை போய் அம்பலமாகியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மர்மம் உடைந்த சூட்டோடு அதன் நகல் வந்து நின்றது.

முதல் எபிசோடுக்குத் தேர்ந்தெடுத்த பெரிய காட்சி இது. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். தெருக்களில் டாட்ஜ் வைப்பர் கார் சந்துபொந்தெல்லாம் புகுந்து ஓட, மேலே கோப்ரா ரக ராணுவ ஹெலிகாப்டர் துரத்துகிறது. ஹெலிகாப்டரின் குறி காரின் மேல் நிலைத்துவிட்டால் கார் காலி. வைப்பர், கோப்ரா இரண்டும் பாம்புப் பெயர்கள்; பெயர்ப் பொருத்தத்துக்காகப் பாம்புக்குப் பாம்பு. செலவும் உழைப்பும் திரையில் தெரிந்தன. ஆனால் 2004இலேயே பிரிட்டன் நிகழ்ச்சியில் லோட்டஸ் எக்ஸீஜ் காரை அப்பாச்சி ஹெலிகாப்டர் துரத்தியாயிற்று. விதியும் ஏறக்குறைய அதேதான். அதைப் பார்த்திருந்தவருக்கு, புது நிகழ்ச்சியின் முதல் சில நிமிடங்களே தெரிந்த கதையாகப் போய்விட்டன.

அன்றைய பிரபலம் நிலவில் கால்வைத்த இரண்டாவது மனிதர். 80 வயது. அவருக்குக் கொடுத்தது சுசூகி எஸ்எக்ஸ்4. சாதாரணக் காரும் சுசூகியாகவே இருந்ததைக்கூட நேயர்கள் விடவில்லை.

பார்வையாளர்களிடம் காணப்பட்டவை

எதிர்வினை ஒரே மாதிரி இல்லை. மூன்று விதமான ஆட்கள் பேசினார்கள், அதில் ஒரு சாராரின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

பிரிட்டன் பதிப்பை வருடக்கணக்கில் பார்த்தவர்கள் அவர்கள். முதல் புகார், காப்பி. காட்சிக்குக் காட்சி ஒப்பிட்டார்கள். கேமரா கோணம், வெளிறிய வானத்தின் நிறம், தொகுப்பாளர் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தி விட்டு அடுத்ததைச் சொல்லும் தோரணை வரை. இரண்டாவது, மூவருக்கும் நடுவே கெமிஸ்ட்ரி இல்லை என்பது. ஜோக்குக்கு முன்பே சிரிப்பு வருகிறது, ஒருவர் மற்றவரைக் கலாய்க்கும்போது எழுதிக்கொடுத்தது போல இருக்கிறது என்றார்கள். மூன்றாவது, விளம்பர இடைவேளை. இடைவேளைக்கு முன் ஒரு கொக்கி, பின்னால் வந்ததும் இதுவரை நடந்ததன் சுருக்கம் என்று ஓடியது எரிச்சலூட்டியது.

மூலத்தைப் பார்க்காதவர்களுக்கு இந்தப் புகார்களில் பாதி எழவே இல்லை. ஹெலிகாப்டர் காரைத் துரத்துகிறது, நன்றாகத்தானே இருக்கிறது என்பதுதான் அவர்கள் பேச்சு. நடுவில் இருந்த மூன்றாவது சாரார், கொஞ்சம் பொறுங்கள், பிரிட்டனிலும் முதல் சீசன் இப்படித்தான் தடுமாறியது என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. ஆனால் பொறுத்திரு என்பது நேயரிடம் கேட்கக்கூடிய விஷயமில்லை, ரிமோட் அவர் கையில் இருக்கிறது.

காப்பி என்ற புகார்தான் அதிகம் கேட்டது, ஆனால் கனமான புகார் அதுவல்ல என்பது என் கணிப்பு. பெயரையும் ஃபார்மேட்டையும் (நிகழ்ச்சியின் அமைப்பு முறை) காசு கொடுத்து வாங்கிய நிகழ்ச்சி மூலத்தைப் போல இருப்பதில் ஆச்சரியமில்லை. அந்த நேயர்களுக்கே அது தெரியும். அவர்களை உறுத்தியது வேறு. பிரிட்டன் நிகழ்ச்சியில் தடம், பிரபலம், முகமூடி ஓட்டுநர் எல்லாம் ஒரு சாக்கு. மூன்று பேர் சண்டை போட்டுக்கொள்ளவும், ஒருவர் தோற்கும்போது மற்ற இருவர் விழுந்து விழுந்து சிரிக்கவும் இடம் கொடுக்கும் ஏற்பாடுகள். ஒப்பந்தத்தில் அந்த ஏற்பாடுகளை எழுதி விற்கலாம், வாங்கலாம். சிரிப்பை எழுத முடியாது. அமெரிக்கப் பதிப்பு முதல் எபிசோடிலேயே எல்லா ஏற்பாடுகளையும் வரிசையாக அடுக்கிவிட்டது. அவற்றுக்குள் இருக்க வேண்டிய பழக்கம் மட்டும் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. மூவரும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கி ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை.

ஆள் தேர்வில் இன்னொரு சிக்கல் இருந்தது, அதைச் சுட்டிக்காட்டியவர்கள் குறைவு. பிரிட்டனில் மூவரில் யாரும் தொழில்முறைப் பந்தய ஓட்டுநர் இல்லை. கத்துபவர், குட்டையாக இருப்பதற்காகக் கிண்டல் வாங்குபவர், ஆமை வேகக்காரர் என்று ஆளுக்கொரு குறை. திறமை முழுவதும் பேசாத அந்த முகமூடியிடம் இருந்தது. அதனால்தான் அந்தப் பாத்திரத்துக்கே வேலை இருந்தது. அமெரிக்காவில் மூவரில் ஒருவர் 2007, 2008 இரண்டு வருடமும் டிரிஃப்ட் பட்டம் வென்றவர். அவர் நிஜமாகவே நன்றாக ஓட்டுவார். பார்க்க அழகாக இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் மூவர் போட்டி என்று வைத்தால் முடிவு பாதி தெரிந்துவிடும், பக்கத்தில் நிற்கும் முகமூடிக்கும் வேலை இல்லாமல் போகும்.

நேரக் கணக்கையும் சொல்ல வேண்டும். விளம்பரமின்றி, வீடுகள் கட்டும் டிவி உரிமக் கட்டணத்தில் ஓடும் பிபிசியில் ஒரு மணி நேரம் என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அமெரிக்க கேபிளில் விளம்பரம் போக 42 நிமிடத்துக்குச் சற்று முன்னே பின்னே மிஞ்சும். அதிலும் இடைவேளைக்குப் பிந்திய சுருக்கம் கொஞ்சம் தின்றுவிடும். முதலில் அடிபடுவது, மூவரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் பகுதி. பிரிட்டனில் அந்த வெட்டிப் பேச்சில்தான் நேயருக்கு அவர்கள் பழகினார்கள். அங்கே பழகியதால்தான் பாலைவனத்தில் கார் நின்றுபோனபோது கவலைப்பட்டார்கள்.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு, ஆட்களை மாற்றாமல் இருப்பது. எளிதில் எடுக்கக்கூடிய முடிவு இல்லை இது. ஆஸ்திரேலியாவில் 2008இல் தொடங்கிய டாப் கியர் பதிப்பு இதே மாதிரி அடி வாங்கி, முதல் சீசன் முடிந்ததும் ஒரு தொகுப்பாளரை மாற்றியது. பிறகு சேனலே மாறி, அதிக நாள் நீடிக்கவில்லை. ஹிஸ்டரி சேனல் அதே மூவரோடு 2011இல் அடுத்த சீசனுக்குப் போனது. பழக்கம் வேண்டும் என்றால் அதே ஆட்கள் சேர்ந்து நாள் கழிக்க வேண்டும், வேறு வழியில்லை.

இரண்டாவது முடிவுக்கு விதை முதல் சீசனிலேயே இருந்தது. குறைந்த விலையில் பழைய கார் வாங்கி, அதில் கள்ளச்சாராயம் கடத்திய காலத்து ஓட்டத்தை மறுபடி நடத்திப் பார்த்தார்கள். இது எங்கிருந்தும் எடுத்ததில்லை. மதுவிலக்குக் காலத்திலும் அதற்குப் பிறகும் அப்பலாச்சிய மலையோரத்தில் சாராயம் ஏற்றிய ஃபோர்டு கார்களின் எஞ்சினை முடுக்கி, வரித்துறைக்காரர்களிடம் சிக்காமல் இரவில் விளக்கை அணைத்துவிட்டு மலைப்பாதையில் பறந்தார்கள். அப்படி ஓட்டியவர்கள் ஒருவருக்கொருவர் போட்டி போட்டதிலிருந்து வளர்ந்ததில் ஒரு பங்குதான் 1948இல் நாஸ்காராக முறைப்பட்டது. மூவரில் தெற்கத்தி ஆள் இந்தக் கதையைச் சொல்லும்போது யாரையும் போலச் செய்யவில்லை, சொந்த ஊர் விஷயம் பேசினார். நகைச்சுவைக் கலைஞருக்கு இதெல்லாம் அந்நியம், அதனால் அவருடைய கிண்டலுக்கும் காரணம் கிடைத்தது. ஓட்டுநரின் திறமைக்கும் அங்கே முட்டுக்கட்டை உண்டு. ஓட்டை வண்டியில் சாம்பியனும் மற்றவரும் ஒன்றுதான்.

அடுத்தடுத்த சீசன்களில் தயாரிப்பு இந்தப் பக்கமே சாய்ந்தது. அலாஸ்காவில் பிக்கப் டிரக்குகள், பழைய கார்களில் நீண்ட பயணங்கள், அமெரிக்க வண்டி வகை ஒன்றை எடுத்துக்கொண்டு எது உசத்தி என்று அடித்துக்கொள்வது. ஸ்டூடியோ கூட்டமும் பிரபலம் ஓட்டும் சுற்றும் போகப்போகக் கழன்றன. ஏன் அவை கழல வேண்டும் என்பதற்குத் திரையிலேயே பதில் இருந்தது. இரவுதோறும் பிரபலங்களைப் பேட்டி எடுக்கும் நிகழ்ச்சிகள் குவிந்த நாட்டில், 42 நிமிடத்தில் சில நிமிடத்தை இன்னொரு பேட்டிக்குக் கொடுப்பது வீண்.

பின் நடந்தது

ஒரே நாளில் கருத்து மாறிவிடவில்லை. முதல் எபிசோடோடு போனவர்களில் பலர் திரும்பியே பார்க்கவில்லை. மறு ஒளிபரப்பில் தற்செயலாகப் பார்த்துவிட்டு, இது பரவாயில்லையே என்று ஒட்டிக்கொண்டவர்கள் சேர்ந்தார்கள். பிரிட்டன் பதிப்பளவுக்கு இல்லை, ஆனால் பார்க்கலாம் என்ற பேச்சு வரத் தொடங்கியது. அப்புறம் அந்த ஒப்பீடும் குறைந்து, மூவரின் பெயரைச் சொல்லிப் பேசினார்கள். நேயர் ஒரு நிகழ்ச்சியை ஏற்றுக்கொண்டதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. ஆறு சீசன், 70க்கு மேற்பட்ட எபிசோடுகள் ஓடி, 2016 ஜூனில் அது முடிந்தது. வேறு நாடுகளில் எடுத்த பல பதிப்புகள் இதில் பாதி தூரம்கூடப் போகவில்லை.

ஒப்பிட உதவும் இன்னொரு நிகழ்வு

அதே 2016இல், கிட்டத்தட்ட அதே வாரங்களில், இந்த ஆய்வுக்கு யாரும் திட்டமிடாத ஒரு சோதனை நடந்தது. 2015 மார்ச்சில் ஒரு தயாரிப்பாளரைத் தாக்கியதற்காக மூத்த தொகுப்பாளரின் ஒப்பந்தத்தை பிபிசி புதுப்பிக்கவில்லை. மற்ற இருவரும் அவரோடு வெளியேறினார்கள். 2016 மே கடைசியில் புதிய ஆட்களோடு பிரிட்டன் டாப் கியர் திரும்பியது. அதே டன்ஸ்ஃபோல்ட், அதே தடம், அதே முகமூடி, அதே இசை, அதே பிபிசி. விளம்பர இடைவேளையும் கிடையாது. அப்படியும் நேயர்கள் சொன்ன புகார்கள் அமெரிக்கப் பதிப்பின் மீது ஆறு வருடத்துக்கு முன் சொன்னவையே. கெமிஸ்ட்ரி இல்லை, சத்தம் அதிகம், வலிந்து செய்கிறார்கள். தலைமைத் தொகுப்பாளர் ஒரே சீசனில், ஜூலை முதல் வாரத்தில் விலகினார். அதில் ஓரளவு நல்ல பேர் வாங்கியவர் யாரென்றால், ஒரு அமெரிக்க நடிகர்.

இதைப் பார்த்த பிறகு, அமெரிக்கர்களுக்குப் பிரிட்டிஷ் நகைச்சுவை வராது, அதனால்தான் தோற்றது என்ற வாதத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். 2010இல் அது நிறையப் பேசப்பட்ட வாதம்.

அமெரிக்காவில் பிறகும் முயன்றார்கள். 2017இல் பிபிசி அமெரிக்காவில் ஒரு நடிகர், ஒரு டிராக் பந்தய (நேர்கோட்டில் குறுந்தூரம் சீறிப்பாயும் போட்டி) வீரர், ஒரு பிரிட்டன் கார் பத்திரிகையாளர் என்று மூவர். ஒரு சீசனோடு சரி. 2021இல் மோட்டார்டிரெண்ட் தளத்தில் நகைச்சுவை நடிகர்கள் இருவரும் ஒரு பிரிட்டன் பத்திரிகையாளரும். இரண்டு சீசன். இரண்டு முறையும் கூட்டணி பழகுமுன் கடை மூடப்பட்டது.

மறுபடி செய்வதானால் மாற்ற வேண்டியவை

முதல் எபிசோடை மாற்றுவேன். ஹெலிகாப்டரைத் தூக்கிவிட்டு சாராய ஓட்டத்தை அங்கே வைப்பேன். ஒப்பிட ஒன்றும் இல்லாத இடத்தில் நேயர் நிகழ்ச்சியைப் பார்ப்பார், தொகுப்பாளர்களில் ஒருவராவது தன் மண்ணில் நின்று பேசுவார். ஹெலிகாப்டர் மாதிரிக் காட்சிகளை, ஆட்களிடம் பிடிப்பு வந்த பிறகு மூன்றாவது சீசனில் வைத்தால் நேயர்களே அதை மூலத்துக்குச் செய்யும் மரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்.

பந்தய வீரரை எடுப்பதானால் முகமூடி ஓட்டுநர் வேண்டாம். முகமூடி வேண்டுமென்றால் மூவரும் நம்மைப் போல சுமாராக ஓட்டுபவர்களாக இருக்கட்டும். இரண்டையும் வைத்துக்கொண்டது, எனக்குத் தெரிந்து, ஃபார்மேட்டில் எழுதியிருக்கிறது என்பதற்காக மட்டுமே.

ஸ்டூடியோவில் கூட்டத்தைக் கூட்டுவதற்கு முன் மூவரையும் ஒளிபரப்பாத பயணங்களுக்கு அனுப்புவேன். செலவு என்று கணக்குப்பிள்ளை முகத்தைச் சுளிப்பார். ஆனால் முதல் சீசனின் பத்து எபிசோடுகள் நேயர் முன்னால் ஒத்திகையாகப் போனதற்கு ஆன செலவு அதைவிட அதிகம்.

புகார்களைப் படிக்கும் முறையும் வேறாக இருக்க வேண்டும். காப்பி என்று எழுதியவரிடம், எந்த இடத்தில் சேனலை மாற்றினீர்கள் என்று கேட்டிருந்தால், அவர் அநேகமாக ஹெலிகாப்டரைச் சொல்லியிருக்க மாட்டார். ஸ்டூடியோப் பேச்சைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ஹெலிகாப்டரைத் திட்டிக்கொண்டேயாவது கடைசி வரை பார்த்தார்கள்.

ஒரு கேள்வி மட்டும் கடைசிவரை சோதிக்கப்படவே இல்லை. 2008 வாக்கில், தொகுத்து வழங்கச் சொல்லி அணுகப்பட்ட ஒரு புகழ்பெற்ற இரவு நிகழ்ச்சிக்காரர், பெரிய கார் சேகரிப்பாளர், அந்த வாய்ப்பை மறுத்தார். அவருடைய தயக்கம் விளம்பரதாரர்களைப் பற்றியது. கார் கம்பெனிகளின் விளம்பரத்தில் ஓடும் சேனலில் அதே கம்பெனியின் காரை மட்டம் என்று பிபிசியில் சொல்வது போலச் சொல்லவிடுவார்களா என்று அவர் சந்தேகப்பட்டார். நிகழ்ச்சி சவால்கள் பக்கம் முழுக்கச் சாய்ந்து, புதுக் காரை ஓட்டித் தீர்ப்புச் சொல்லும் பகுதி மெலிந்தபோது அந்தச் சிக்கலும் பேச்சிலிருந்து மறைந்தது. பழைய ஓட்டை வண்டியைத் திட்டினால் எந்த விளம்பரதாரரும் கோபித்துக்கொள்வதில்லை.